வளைகோட்டுக்கு வேண்டிய புள்ளிகள்

மே 20. காலை 8.15
வெப்பச் சோதனை அறை, கோவை. பதிவு: பியூலா

வெளியே 43 டிகிரி. அறைக்குள் 27. இயந்திரம் சரி. மின்சாரம் சரி. சோதிப்பவரும் சரிதான், காப்பித்தூள்தான் தீர்ந்துவிட்டது.

விதிப்படி ஒவ்வொரு அளவுக்கும் குறிப்பு எழுத வேண்டும், எழுதுகிறேன். வெயிலடைப்பு அறிவித்து ஊர் நடமாட்டத்தை நிறுத்திவிட்டதால் கூட வேலை பார்க்கிறவர்கள் யாரும் வரவில்லை. நான் ஒருத்திதான் மாட்டிக்கொண்டேன். குறிப்பைச் சரிபார்க்க ஆள் இல்லை. பின்னால் யார் கையில் கிடைக்குமோ அவருக்காகக் கொஞ்சம் விளக்கியே எழுதுகிறேன். தெரிந்தவராக இருந்தால் தாண்டிப் போங்கள்.

குளிரூட்டும் இயந்திரம் வெளியே சூடு ஏற ஏறக் குறைவாகத்தான் குளிர் தரும். எவ்வளவு குறையும் என்று ஒவ்வொரு டிகிரிக்கும் சோதித்துக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது. அதனால் நாலைந்து வெப்பநிலையில் அளந்து, அந்தப் புள்ளிகள் வழியாக ஒரு வளைகோடு போடுவோம். கட்டடத்தைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கும் நிரல் அந்தக் கோட்டைத்தான் வேதவாக்காக எடுத்துக்கொள்ளும்.

வெயிலுக்குத் தப்பி சனம் வந்து தங்கும் தூத்துக்குடி குளிர்மனையில் அந்த நிரலுக்கு மதகு என்று பெயர். எத்தனை பேரை உள்ளே விடலாம், எவ்வளவு தண்ணீர் திறக்கலாம், கதவு எப்போது திறக்கலாம், எல்லாம் அது கணக்குப் போட்டுத்தான். அங்கே மொட்டைமாடியில் ஆறு இயந்திரங்கள். அதே வகையில் இன்னொன்று இங்கே என் முன்னால் உறுமுகிறது. அது தரும் குளிரில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

குளிர்மனையின் பொறுப்பாளர் என் தங்கை சுகிர்தா. உப்பளத்துச் சனம் அறுநூறு பேரை வைத்துக்கொண்டிருக்கிறாள். காலையில் குரல்வழியில் வந்தாள்.

"ஏக்கா, இங்கன எல்லாம் சொகம். சோறு பொங்கியாச்சு. பிள்ளையளுவ கத்துத கத்துல காது அடைஞ்சு போச்சு. நீ தனியா கெடந்து பேய் கீய் புடிச்சிராத, என்ன?"

பேயே வந்தாலும் என்னைப் பார்த்துப் பயந்து ஓடிவிடும் என்றேன். அதிலென்ன சந்தேகம் என்று சிரித்தாள்.

மே 20. மாலை 4.40

சும்மா இருக்காமல் வளைகோட்டின் மூலக்கோப்பைத் திறந்து பார்த்தேன். நிம்மதி போயிற்று.

தயாரிப்பாளரின் அட்டவணையில் மூன்றே புள்ளி. 35 டிகிரியில் நூறு பங்கு குளிர், 40-ல் தொண்ணூற்று நான்கு, 46-ல் தொண்ணூற்றொன்று. அதற்கு மேல் அட்டவணை கிடையாது. கடைசி எண்ணை விற்கிறவன் தாராளக் கையால் போட்டிருக்கிறான், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. எந்த மூன்று புள்ளிக்கும் ஒரு பரவளையம் அச்சாகப் பொருந்தும், அதில் என்ன பெருமை? ஆனால் இந்தப் பரவளையம் 47-ல் தரைதட்டிவிட்டுத் திரும்ப மேலே ஏறுகிறது. 54-ல் மறுபடியும் தொண்ணூற்று நான்கு என்கிறது. வெயில் கூடக் கூட இயந்திரத்துக்குத் தெம்பு கூடுமாம்! அடப்பாவிகளா.

இதற்கென்று ஒரு கடிவாளம் உண்டு. 46-க்கு மேல் இந்தக் கோட்டை நம்பாதே என்று எல்லை எழுதிவைப்போம். எழுதித்தான் இருந்தார்கள். போன கோடையில் எல்லை தாண்டுகிறது, தாண்டுகிறது என்று மதகு ஓயாமல் எச்சரிக்கை விட்டிருக்கிறது. தொல்லை தாங்காமல் தலைமையகத்தில் யாரோ 46-ஐ அழித்துவிட்டு 60 என்று போட்டிருக்கிறார்கள். எச்சரிக்கை நின்றுவிட்டது. பிள்ளை அழுகிறதென்று வாயைப் பொத்தியிருக்கிறார்கள்.

தூத்துக்குடியில் இன்று 47. ஆறு இயந்திரமும் ஒரே மாடியில் அனலைத் துப்புவதால் அவை இழுக்கும் காற்று இன்னும் இரண்டு மூன்று டிகிரி கூடவே இருக்கும்.

மே 21. காலை 11.50

விடிந்ததிலிருந்து சோதனை. வெளிப்பக்க அறையில் ஹீட்டரைப் போட்டு ஏற்றிக்கொண்டே போனேன். 35-லும் 40-லும் அட்டவணை சொன்னபடியே. 46-ல் எண்பத்தெட்டு. 48-ல் எண்பத்தைந்து. அதுவரைக்கும் தங்கம்.

50-ல் வாயு அழுத்தம் எகிறியது. இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பட்டென்று நின்றுவிட்டது. குளிர்: பூஜ்யம். ஆறவைத்து மறுபடி ஓட்டினேன். மறுபடி நின்றது. 52-ல் கிளம்பவே மாட்டேன் என்றது.

ஆக, சரிவு கிடையாது. எண்பத்தைந்திலிருந்து நேரே பள்ளம். ஆறு புள்ளிகளையும் மதகுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் தூத்துக்குடிக்கு 49 என்று வானிலை சொல்கிறது. மாடியில் அது 52 ஆகும்.

மே 21. பகல் 1.20

மதகு: "ஆறு புள்ளிகள் பெறப்பட்டன. வளைகோட்டுப் பொருத்தம் 0.79. தேவை 0.95. 50, 52 டிகிரிப் புள்ளிகள் விலகல் புள்ளிகளாகக் கருதி நீக்கப்பட்டன. மீதியில் பொருத்தம் 0.99. ஏற்கப்பட்டது. அறுநூறு பேருக்குத் திறன் போதுமானது. நன்றி."

பொருத்தம் என்பது கோடு புள்ளிகளோடு எவ்வளவு ஒட்டுகிறது என்ற எண், முழுசாக ஒட்டினால் 1. உண்மையை மட்டும் பார்த்துப் பொறுக்கி எடுத்து வெளியே வீசியிருக்கிறது. மிச்ச நாலு புள்ளியில் போட்ட புதுக் கோடு 52-ல் எண்பது என்கிறது. பழைய பொய்க்குப் பதிலாகக் கொஞ்சம் அடக்கமான பொய்.

தலைமையகத்தைப் பிடித்தேன். பணியில் வேதகிரி என்று ஒருவர். அவரும் சென்னையில் ஏதோ குளிர்மனைக்குள் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார்.

"மேடம், நீங்க சொல்றது புரியுது மேடம். ஆனா 0.95 வராம ஏத்துக்காது. ரூலு நான் போட்டது இல்ல. கையால எல்லைய மாத்தணும்னா மூணு பேரு கையெழுத்து வேணும், ரெண்டு பேரு எங்க இருக்காங்கன்னே தெரியல. அந்த ரெண்டு புள்ளிய மறந்துடுங்களேன் மேடம், ஃபிட் சூப்பரா வந்திருக்கு பாருங்க."

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அவர் பாவம், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாப்பிட்டீங்களா மேடம் என்றார்.

மே 21. மாலை 6.05

சுகிர்தாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

தண்ணீர் அடித்தால் இயந்திரம் தாக்குப்பிடிக்கும். வெளிப்பெட்டியின் தகடுகளில் ஈரம் பட்டால் அழுத்தம் இறங்கிவிடும். எந்த மெக்கானிக்கும் கோடையில் ஈரச்சாக்கைப் போட்டுச் செய்கிற வைத்தியம்தான். மதகிடம் தண்ணீர் கேட்கச் சொன்னேன்.

"கேட்டாச்சுக்கா. திறன் போதும், தண்ணி குடிக்க மட்டுந்தான்னு சொல்லுது சவம். ஒரு சொட்டு கூட தரமாட்டேங்கு."

அப்படியானால் புதிதாக ஆள் எடுப்பதையாவது நிறுத்து என்றேன். குறைந்த ஆள் என்றால் குறைந்த சூடு.

"கதவத் தொறக்கது மதகுதான். ஆனா எங்கிட்ட சாவியக் குடுத்தாலும் தொறக்கத்தான் செய்வேன். வாசல்ல பச்சப்பிள்ளையத் தூக்கிட்டு வந்து நிக்காவ. போங்கன்னு நான் எந்த வாயால சொல்ல? நீ வந்து சொல்லு பாப்போம்."

நானும் சொல்ல மாட்டேன். அதுதான் கோபம் கோபமாக வருகிறது.

மே 22. காலை 9.30

ஒரு காரியம் செய்தேன். 48-க்கும் 50-க்கும் நடுவில் எழுபது, ஐம்பது, முப்பது என்று நானே எண்களை உருவாக்கி அனுப்பினேன். இத்தனை வருஷத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றி எழுதியதில்லை.

மதகு: "இப்புள்ளிகளில் உணர்கருவியின் முத்திரை இல்லை. நிராகரிக்கப்பட்டன."

பொய்யும் எடுபடவில்லை, உண்மையும் எடுபடவில்லை. எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

மே 22. பகல் 12.45

யோசித்துப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. மதகுக்குப் பள்ளம்தான் பிடிக்காது, சரிவு பிடிக்கும். பள்ளத்துக்குள் சரிவாக இறங்கும் சில புள்ளிகளை அளந்து கொடுத்துவிட்டால் வளைகோடு பொருந்திவிடும், 50-ம் 52-ம் உள்ளே வந்துவிடும்.

சரிவை அளக்க வழி இருக்கிறது. 49-லும் 50-லும் இயந்திரம் நின்றதும் உடனே கிளப்ப வேண்டும். நிற்கும், கிளம்பும், நிற்கும். அரைமணி நேரச் சராசரி எடுத்தால் நடுவாந்தரமாக ஓர் எண் வரும், அதில் உணர்கருவியின் முத்திரையும் இருக்கும். இயந்திரத்துக்கு இது சித்திரவதை. கம்ப்ரஸர் எத்தனை தடவை தாங்கும் என்று தெரியாது. அது போனால் என் அறையின் குளிரும் போய்விடும்.

போகட்டும். ஆரம்பிக்கிறேன்.

மே 22. பிற்பகல் 3.50

முதல் புள்ளி: 49-ல் எழுபத்திரண்டு. அனுப்பினேன். பொருத்தம் 0.86 ஆனது. கை தட்டினேன், தனியாக உட்கார்ந்து பைத்தியக்காரி மாதிரி.

இரண்டாவது: 49.5-ல் ஐம்பத்தெட்டு. பொருத்தம் 0.90. இன்னும் இரண்டு மூன்று புள்ளி கிடைத்தால் போதும். தூத்துக்குடியில் இன்று 48, ஓர் இயந்திரம் இரண்டு தடவை நின்று ஓடியதாம். ராத்திரிக்குள் எடுத்துவிடுவேன்.

மே 22. மாலை 5.15

கம்ப்ரஸர் எரிந்துவிட்டது. கருகிய எண்ணெய் நாற்றம். அடித்தும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். கல்லாகக் கிடக்கிறது.

எனக்குப் புள்ளி எடுக்க இனி எதுவும் இல்லை. அறைக்குள் 34, ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டு புள்ளி. வெறும் இரண்டு புள்ளி குறைகிறது.

வேதகிரிக்கு நாலு தடவை கூப்பிட்டேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்கிறது ஒரு குரல். தூத்துக்குடித் தீயணைப்பு நிலையத்தையும் பிடித்தேன். வண்டியின் டயர் தாரில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, பொழுது சாய்ந்துதான் எடுக்க முடியும் என்றார்கள். ஊதுகிற சங்கையெல்லாம் ஊதியாச்சு.

மே 23. காலை 7.00

சுகிர்தா: "விடியக் கருக்கல்லயே பன்னெண்டு பேரு போயி உப்பளத்து ஊத்துத் தண்ணிய மோந்து மாடியில பேரலு பேரலா ரொப்பி வச்சாச்சு. உப்புத்தண்ணி பட்டா தகடு அரிச்சுப் போகும்லா? அரிச்சாப் போகட்டும், இன்னைக்குப் பொழுது போனாச் சரி."

அரிக்கட்டும் என்றேன். ஆனால் காலை பத்து மணிக்கு மேல் ஒருவரும் மாடிக்குப் போகக் கூடாது என்று சத்தியம் வாங்கப் பார்த்தேன். மாடிப்படி கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது. வெளியேற ஒருபக்கம் மட்டும் சுழலும் இரும்புக்கதவு. திரும்பி வர வாசல் கதவு ஒன்றுதான், அதை மதகுதான் திறக்கும். வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும்.

"சரிக்கா, சரிக்கா" என்றாள். சின்ன வயதிலிருந்தே அவள் இரண்டு தடவை சரி சொன்னால் செய்ய மாட்டாள் என்று அர்த்தம். பயமாக இருக்கிறது.

மே 23. காலை 11.35

தூத்துக்குடி 49. மாடியில் 51.5. இரண்டு இயந்திரங்கள் நின்றுவிட்டன. மற்ற நாலும் திணறுகின்றன. உள்ளே 33 டிகிரி.

மதகு: "மாதிரியின்படி திறன் போதுமானது. உள் வெப்பநிலை உயர்வுக்குக் காரணம் உணர்கருவிக் கோளாறாக இருக்கலாம்."

இங்கே என் அறையில் 41. துண்டை நனைத்துத் தலையில் போட்டிருக்கிறேன்.

மே 23. பகல் 12.20

ஐந்து நின்றுவிட்டன. உள்ளே 38.

சுகிர்தா: "ஏக்கா, உள்ள வேக்காடு தாங்கல. ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்துட்டு. நாங்க பன்னெண்டு பேரும் மாடிக்குப் போறோம். பத்து நிமிசம் ஊத்திட்டு ஓடியாந்துருவோம்."

போகாதே என்றேன். ஏட்டி, போகாதே, சொல்வதைக் கேள் என்று கத்தினேன்.

"நீ அங்கன இருந்து கத்தி என்ன செய்ய? காலு நடக்கும்போதே போயிட்டு வாரேன். வாக்கிடாக்கி கையிலதான் இருக்கு, குரல்வழியில கோத்து வச்சிருக்கேன். வை."

மே 23. பகல் 12.55

தண்ணீர் வேலை செய்கிறது! அழுத்தம் இறங்கி மூன்று இயந்திரங்கள் கிளம்பிவிட்டன. ஓடுகின்றன, நிற்கின்றன, திரும்ப ஓடுகின்றன. உள்ளே 37. ஒரு டிகிரி இறங்கியிருக்கிறது. என் தங்கச்சி, என் தங்கம்.

பத்து நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. இறங்கு என்று கதறுகிறேன். இன்னும் ஒரு பேரல்தான் என்கிறாள். கூடப் போன சுப்பையா மாமா உட்கார்ந்துவிட்டாராம், நிழலில் போட்டிருக்கிறார்களாம். மாடியில் என்ன நிழல்?

அங்குள்ள இயந்திரங்களின் குளிர் எண்கள் என் திரைக்கும் வருகின்றன. அறுபத்தொன்று. முப்பத்தெட்டு. இருபத்திரண்டு. நின்று நின்று ஓடுவதால் சராசரிகள் படிப்படியாக இறங்குகின்றன. பார்த்துக்கொண்டே இருந்தேன், சட்டென்று உறைத்தது. எனக்குக் கிடைக்காமல் போன சரிவு இதுதான். உணர்கருவியின் முத்திரையோடு வருகிறது.

மே 23. பகல் 1.10

மதகு: "தளத்திலிருந்து ஐந்து புதிய புள்ளிகள் பெறப்பட்டன. முன்னர் நீக்கப்பட்ட 50, 52 டிகிரிப் புள்ளிகளுடன் சேர்த்துப் பொருத்தம் 0.96. கோவை சோதனை அறையின் வளைகோடு ஏற்கப்பட்டது. நன்றி."

ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டது! வாய்விட்டு அழுதேன். இனி தண்ணீர் திறக்கும். இனி அதற்கு உண்மை தெரியும். சுகிர்தாவிடம் சொன்னேன். அவளுக்கு மூச்சு வாங்குகிறது.

"நல்லதுக்கா. நாங்க எறங்குதோம். பன்னெண்டு பேருல ரெண்டு பேரத் தூக்கிட்டுத்தான் வரணும்."

மே 23. பகல் 1.13

மதகு: "புதிய வளைகோட்டின்படி இக்கட்டடத்தில் அனுமதிக்கத்தக்கோர் 140. உள்ளே இருப்போர் 603. நுழைவு மூடப்பட்டது. வெளியேறும் வழி மட்டும் இயங்கும். மாலைக்குள் திறன் மறுமதிப்பீடு செய்யப்படும்."

மே 23. பகல் 1.17

சுகிர்தா: "ஏக்கா, கதவு தொறக்க மாட்டேங்கு. உள்ள ஆளு நெறைஞ்சுட்டுங்கு. நாங்க உள்ள இருந்தவியதான்னு சொல்லுதேன், கேக்க மாட்டேங்கு. நீ சொல்லுக்கா. ஒன் பேச்சத்தான் அது கேக்கும்."

வெளியே போன பன்னிரண்டு பேரை எப்போதோ கழித்துவிட்டது. இப்போது அவர்கள் அதற்குப் புது ஆட்கள்.

உள்ளே இருப்பவர்கள் பெஞ்சைத் தூக்கி வாசல் கதவை இடிக்கிறார்களாம். அனல் புகாமல் இருக்கக் கட்டிய கதவு அது. சுழல் கதவு உள்பக்கம் சுழலாது. ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைத்தால் சூடு வரும் என்று வைக்கவில்லை.

மே 23. பகல் 1.22

வளைகோட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்று அனுப்பினேன். தவறு, எல்லாம் தவறு, என் இயந்திரம் கெட்டது, என் கருவி கெட்டது, பழைய கோட்டையே வைத்துக்கொள் என்று எழுதினேன். வெயில் ஏற ஏறத் தெம்பு கூடும், அதுதான் சரி என்று எழுதினேன்.

மதகு: "ஏற்கப்பட்ட வளைகோட்டை மாற்ற அதைவிட மேலான பொருத்தம் தேவை."

முத்திரையோடு ஒரு புள்ளி வேண்டும். இயந்திரம் எரிந்து கிடக்கிறது. மறுபடியும் சுவிட்சைப் போட்டேன். போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

வேதகிரி எடுத்துவிட்டார். "அய்யோ மேடம். அய்யோ. ஒரு கையெழுத்து வாங்கிட்டேன் மேடம், இன்னும் ரெண்டு. வச்சிடாதீங்க." அழுகிறார்.

மே 23. பகல் 1.40

சுகிர்தா பேசுகிறாள். எழுதாமல் இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

"கதவுல கைய வச்சா கொப்புளிக்கி. அதுக்கு நம்ம மேல என்ன கோவமோ தெரியல. ஏக்கா, நீ அழாத. நீ அனுப்புனது சரிதானே? சரியாத்தானே அனுப்புன?"

சரியாகத்தான் அனுப்பினேன் என்றேன்.

"அப்பச் சரி. தண்ணி... பேரல்ல கொஞ்சம் கெடக்கும். நான் போயி..."

போகாதே என்றேன்.

பகல் 1.52

என் அறையில் 45. எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது. அவளுடைய வாக்கிடாக்கி திறந்தே கிடக்கிறது. கதவை இடிக்கும் சத்தம் கேட்கிறது. அவள் குரல் இல்லை. சுகிர்தா, சுகிர்தா என்று கூப்பிடுகிறேன். ஏட்டி. ஏதாவது பேசு. திட்டவாவது

பகல் 2.04

இடிக்கும் சத்தமும் இப்போது

மதகு: "நுழைவாயிலுக்கு வெளியே உள்ள உணர்கருவி 53 டிகிரி காட்டுகிறது. பொருத்தம் மேலும் மேம்பட 53 டிகிரியில் ஒரு புள்ளி தேவைப்படுகிறது. கோவை சோதனை அறை இன்றே அனுப்பினால் உதவியாக இருக்கும்."